கையெழுத்துப் போட்டுவிட்டால் சம்மதம் ஆகிவிடுமா? வயதுவந்தோர் படத்துறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைப்பைப் பார்த்துவிட்டு வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட இல்லை. கேமராவுக்கு முன்னால் நிற்பவர் "சரி" என்று சொல்கிறாரே, அந்தச் "சரி" எதற்கு, யாரிடம், எவ்வளவு காலத்துக்கு என்பதுதான் பேச்சு. உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் கொஞ்சம் ஜப்பானிலிருந்தும் வருகின்றன. தொழில் வெளிப்படையாக நடப்பதும், தகராறுகள் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பதிவாகியிருப்பதும் அங்கேதான்.

முதலில், இதை என்ன சொல்லி அழைப்பது?

நீலப்படம், பலான படம், பிட்டுப் படம் என்று நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. எல்லாமே குரலைத் தாழ்த்திச் சொல்வதற்கென்றே பிறந்தவை. "ஆபாசப் படம்" என்பது சட்டத்துக்கும் செய்தித்தாளுக்கும் பிடித்த சொல். ஆனால் அது தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. படம் ஆபாசமா என்று கேட்பது ஒரு கேள்வி. அதில் இருப்பவர் ஒப்புக்கொண்டுதான் இருக்கிறாரா என்று கேட்பது வேறு கேள்வி. நம் ஊரில் முதல் கேள்வியைப் பற்றி அறுபது எழுபது வருடமாகச் சண்டை போட்டிருக்கிறோம், இரண்டாவதைக் கேட்டதே குறைவு. அதனால் இங்கே "வயதுவந்தோர் படம்" என்றே எழுதுகிறேன்.

இந்தத் தொழில் எங்காவது சட்டப்படி நடக்கிறதா?

நடக்கிறது. பணம் கொடுத்து ஒருவரை உடலுறவு கொள்ள வைத்துப் படம் எடுப்பது விபச்சாரத்துக்கு ஆள் பிடிப்பதாகாதா என்ற கேள்வி கலிபோர்னியாவில் ஹால் ஃப்ரீமேன் என்ற தயாரிப்பாளர் மீதான வழக்கில் எழுந்தது. 1988-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஆகாது என்றது. நடிப்புக்குத்தான் சம்பளம், படம் எடுப்பது கருத்துரிமைக்குள் வருகிறது என்பது அதன் நிலைப்பாடு. அதற்குப் பிறகுதான் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் தொழில் வெளிச்சத்துக்கு வந்தது. ஏஜென்ட், ஒப்பந்தம், கால்ஷீட், மேக்கப் என்று ஒரு சினிமாக்காரருக்குப் பழக்கமான எல்லாமே அங்கே உண்டு.

எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தானே நடிக்கிறார்கள்? பிறகு என்ன புகார்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலுக்கு ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சான் டியேகோவில் மைக்கேல் பிராட் என்ற நியூசிலாந்துக்காரர் ஒரு வீடியோ தளம் நடத்தினார். தளத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் பெண்களின் முகங்கள்தான். பிராட்டின் ஆட்கள் இணையத்தில் மாடலிங் வேலை என்று விளம்பரம் போடுவார்கள், உடை உடுத்திச் செய்யும் மாடலிங் என்று. பதில் போடும் பெண்களில் பலர் கல்லூரி மாணவிகள். 18, 19, 20 வயது. கொஞ்சம் பேச்சு நடந்தபிறகு உண்மையான வேலை என்ன என்பது மெல்ல வெளியே வரும். தயங்கினால் பதில் தயாராக இருக்கும்: இது இணையத்தில் வரவே வராது, வெளிநாட்டில் தனிப்பட்ட சேகரிப்பாளர்களுக்கு டிவிடியாகப் போகும், அமெரிக்காவில் யாரும் பார்க்க முடியாது. நம்பாதவர்களிடம், ஏற்கெனவே நடித்த பெண் என்று ஒருவரைப் போனில் பேச வைப்பார்கள். "நானும் செய்தேன், யாருக்கும் தெரியவில்லை" என்று அந்தப் பெண் சொல்வார். அப்படிச் சொல்வதற்கு அவருக்குக் காசு.

விமான டிக்கெட் போட்டு சான் டியேகோவுக்கு வரவழைப்பார்கள். ஓட்டல் அறைக்குள் வந்தபிறகு பல பக்க ஒப்பந்தம் கைக்கு வரும். படிக்க நேரம் கிடையாது, சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்துவார்கள். தளத்தின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இருக்காது. மனம் மாறினால் வழக்குப் போடுவோம், திரும்பிப் போகும் டிக்கெட்டை ரத்து செய்வோம், எடுத்தவரைக்கும் வெளியிடுவோம் என்று மிரட்டல். வீடியோ இணையத்தில்தான் வெளியானது. சில நாட்களில் கல்லூரித் தோழிகளுக்கும் அப்பா அம்மாவுக்கும் லிங்க் போய்ச் சேர்ந்தது. பெயர், ஊர், சமூக வலைத்தளக் கணக்கு எல்லாம் வெளிவந்தது. படிப்பை விட்டவர்கள் உண்டு, வீட்டார் கைவிட்டவர்கள் உண்டு.

இவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். கேமரா முன்னால் "என் விருப்பத்தில்தான் செய்கிறேன்" என்று சொன்ன பதிவும் இருந்தது. வட்டிக்கடையில் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு தொகையை எழுதிக்கொள்வார்களே, அது நமக்குத் தெரிந்த கதைதானே. கையெழுத்து நிஜம், அதற்கு மேலே இருக்கும் எழுத்துதான் பொய். அதே வேலைதான் இங்கும் நடந்தது.

வழக்கு என்ன ஆனது?

2016-ல் பெண்கள் சிவில் வழக்குப் போட்டார்கள். கடைசியில் 22 பேர் வாதிகள், எல்லோருமே பெயர் மறைத்து. 2020 ஜனவரியில் நீதிபதி கெவின் என்ரைட் மோசடி நிரூபணமாகிவிட்டது என்று சொல்லி சுமார் 1.28 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். அதற்குள் 2019 அக்டோபரிலேயே மத்திய அரசு ஆள் கடத்தல் சட்டத்தின் கீழ்க் குற்ற வழக்கும் போட்டிருந்தது. பலவந்தம், மோசடி, மிரட்டல் என்று அந்தச் சட்டம் மூன்று வழிகளைச் சொல்கிறது. இங்கே மூன்றுமே இருந்தன. யாரையும் கட்டிவைத்துத் தூக்கிக்கொண்டு போகவில்லை, ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது கடத்தல்தான்.

நடிகரும் ஆள் பிடிப்பவருமான ரூபன் ஆந்த்ரே கார்சியாவுக்கு 2021-ல் 20 வருடம். கூட்டாளி மேத்யூ வுல்ஃபுக்கு 2024-ல் 14 வருடம். பிராட் நாட்டைவிட்டு ஓடிப்போய், எஃப்பிஐ-யின் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் ஏறி, 2022 டிசம்பரில் ஸ்பெயினில் பிடிபட்டார். 2025-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், செப்டம்பரில் 27 வருடத் தண்டனை கிடைத்தது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது 2020 தீர்ப்பின் இன்னொரு பகுதி. அந்த வீடியோக்களின் உரிமையைப் பெண்களுக்கே எழுதிக் கொடுக்கச் சொன்னார் நீதிபதி. ஏன் இது பெரிய விஷயம்? "இதில் இருப்பது நான், எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதினால் பல தளங்கள் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடும். "இந்த வீடியோவின் காப்புரிமை என்னுடையது" என்று எழுதினால் சட்டப்படி எடுத்தே ஆக வேண்டும். ஒரு பெண்ணின் மானத்தைவிட சினிமாக் கம்பெனியின் சொத்துக்கு இணையச் சட்டம் பல வருடம் அதிக மதிப்புக் கொடுத்தது. அந்தச் சட்டத்தைத் திருப்பிப் போட்டு அவர்கள் கையில் கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் உலகமெங்கும் நகல் போனபிறகு ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டிய வேலை மறுபடி அவர்கள் தலையில்தான்.

வயதுச் சான்றிதழ் வாங்குகிறார்களே, அது போதாதா?

அமெரிக்காவில் 1986-ல் ஒரு பெரிய அதிர்ச்சி. அப்போது முன்னணியில் இருந்த ஒரு நடிகை, போலி அடையாள அட்டையைக் காட்டி 18 வயதுக்கு முன்பே நடித்திருந்தார் என்பது வெளிவந்தது. கடைகளிலிருந்து அந்தப் படங்கள் அத்தனையும் அள்ளப்பட்டன. 1988-ல் வந்த சட்டம், ஒவ்வொரு நடிகரின் அடையாள ஆவணத்தையும் தயாரிப்பாளர் சரிபார்த்து நகல் வைத்திருக்க வேண்டும், அது எந்த முகவரியில் இருக்கிறது என்பதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்றது. சட்டப் பிரிவின் எண் 2257. தொழிலில் இருப்பவர்கள் அந்தக் கோப்புகளையே "இருபத்திரண்டு ஐம்பத்தேழு" என்றுதான் சொல்வார்கள்.

நல்ல சட்டம். ஆனால் அது கேட்பது வயதை மட்டும்தான். சான் டியேகோப் பெண்களும் 18-ஐத் தாண்டியவர்களே, அட்டை காட்டியவர்களே.

சரி, ஒழுங்காக நடக்கும் படப்பிடிப்பில் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது?

நல்ல பெயர் உள்ள நிறுவனங்களில், நாள் குறிக்கும்போதே மூன்று விஷயம் பேசி முடிவாகும்: யாருடன், என்னென்ன, எவ்வளவு. "யாருடன்" என்பதில் நடிகைகளுக்குத் தனிப்பட்டியலே இருக்கும், இவருடன் நடிக்க மாட்டேன் என்று. எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன், எதைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுப்பதும் உண்டு. நாள் வந்தபிறகு, படப்பிடிப்புக்கு முன்னால் கேமராவில் ஒரு சின்னப் பேட்டி: பெயர், வயது, இன்று என்ன எடுக்கப்போகிறோம், குடித்திருக்கிறாயா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா. முடிந்தபிறகு இன்னொரு பேட்டி: பேசியபடி நடந்ததா, எங்காவது நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் இருந்தார்களா.

இந்தப் பேட்டிகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பிந்தைய பேட்டி முடிந்தபிறகுதான் காசோலை கைக்கு வரும் என்றால், "எல்லாம் நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லாமல் யார் இருப்பார்? காசோலையை முதலில் கொடுத்துவிட்டுப் பேட்டி எடுப்பவரை நம்பலாம் என்பது என் கட்சி. சின்ன மாற்றம்தான், யாருக்கும் பெரிய செலவில்லை.

இன்னொன்று, ஸ்கிரிப்டை அன்று காலையில் மாற்றுவது. "கூடவே இதையும் செய்துவிடலாமே, இன்னும் கொஞ்சம் தருகிறோம்" என்று மேக்கப் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது. லைட் போட்டாகிவிட்டது, இருபது பேர் காத்திருக்கிறார்கள், அடுத்த மாத வேலையும் இதே டைரக்டரிடம்தான். அந்த இடத்தில் வாயைத் திறந்து "மாட்டேன்" என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். "மௌனம் சம்மதம்" என்று நாம் பெண் பார்க்கும் சடங்கிலிருந்து எடுத்துவந்த பழமொழி இங்கே படு ஆபத்தானது.

பாதியில் வேண்டாம் என்றால்?

நிறுத்த வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் உடலுறவுக்கு யாரையும் ஒப்பந்தத்தை நீட்டிக் கட்டாயப்படுத்த முடியாது. வேலை முடியாததால் சம்பளம் குறையலாம், நஷ்டம் என்று தகராறு வரலாம், அது பணப் பிரச்சினை. நிறுத்தச் சொன்னபிறகு தொடர்வது குற்றப் பிரச்சினை.

அந்தத் தொழிலில் இருப்பவரை யாராவது பலாத்காரம் செய்துவிட முடியுமா என்ன?

இந்தக் கேள்வியைக் கேலியாகவே அனுப்புகிறார்கள். பதில்: முடியும். குத்துச்சண்டை வீரரை வீதியில் போகும்போது அடித்தாலும் அது அடிதடி வழக்குதான். 2015-ல் அமெரிக்காவில் பல நடிகைகள் ஒரே நடிகர் மீது அடுத்தடுத்து வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார்கள். அவர் மறுத்தார், குற்ற வழக்கு வரவில்லை. ஆனால் சில நிறுவனங்கள் அவருடன் உறவை முறித்துக்கொண்டன. புகார் கொடுக்கப் போனால் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் எழும் சிரிப்பைப் பற்றி நடிகைகள் அதற்குப் பிறகுதான் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

பணத்துக்காக ஒப்புக்கொள்வது சம்மதம் ஆகுமா?

கல்குவாரியில் கல் உடைப்பவரும் பணத்துக்காகத்தான் உடைக்கிறார். பணம் வந்ததாலேயே சம்மதம் கெட்டுவிட்டது என்றால் உலகில் எந்த வேலையும் மிஞ்சாது. ஆனால் குவாரியில் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே கட்டிப்போடுவதைக் கொத்தடிமை என்கிறோம் அல்லவா? வித்தியாசம் சம்பளத்தில் இல்லை, "வேண்டாம்" என்று சொன்னால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதில்.

படத்துறையில் அந்த விலை பல உருவத்தில் வரும். ஊர்விட்டு ஊர் வந்து ஏஜென்ட் ஏற்பாடு செய்த வீட்டில் தங்கியிருப்பார், வாடகை ஏஜென்டுக்கே போகும். ஒத்துக்கொண்ட படப்பிடிப்பை ரத்து செய்தால் அபராதம் போடும் ஏஜென்டுகள் உண்டு. கடன் ஏறிக்கொண்டே போகும். இப்படி இருக்கும்போது அடுத்த வேலைக்கு அவர் சொல்லும் "சரி"யில் எத்தனை பங்கு விருப்பம், எத்தனை பங்கு பாக்கி?

சம்பள முறையும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் ஒரே தடவை கொடுக்கும் தொகைதான். படம் இருபது வருடம் ஓடினாலும் நடிகருக்கு மேற்கொண்டு ஒரு காசு வராது. உரிமை முழுவதையும், எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும் என்றுதான் ஒப்பந்தம் எழுதப்படும். இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து! 1995-ல் வீடியோ கேசட்டுக்கு என்று நினைத்துக் கையெழுத்திட்ட ஒருவர், இன்று எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கிறார்.

நோய்ப் பரிசோதனை?

அமெரிக்கத் துறையில் 14 நாளுக்கு ஒருமுறை பரிசோதனை என்பது வழக்கம். எச்ஐவி உட்பட பல தொற்றுகளுக்கு. முடிவு துறைக்குள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பதிவேட்டில் "நடிக்கலாம்" அல்லது "கூடாது" என்று மட்டும் தெரியும். 2004-ல் எச்ஐவி பரவியபோது படப்பிடிப்புகளே நின்றன. ஆணுறையைக் கட்டாயமாக்கி லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட வாக்காளர்கள் 2012-ல் ஓட்டுப் போட்டார்கள். அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகும் முயற்சியை 2016-ல் கலிபோர்னியா வாக்காளர்கள் தோற்கடித்தார்கள், நடிகர்களில் பெரும்பகுதியினரும் அதை எதிர்த்தார்கள். எங்களிடம் கேட்காமல் எங்களுக்காக முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் கோபம்.

2011-ல் பரிசோதனை மையத்தின் பதிவேட்டிலிருந்த விவரம் கசிந்து, ஆயிரக்கணக்கான நடிகர்களின் நிஜப் பெயர்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. அந்த மையம் அதே வருடம் மூடப்பட்டது. முகத்தைக் காட்டச் சம்மதித்தவர் பெயரைக் காட்டச் சம்மதிக்கவில்லை என்பது கொட்டியவர்களுக்கு உறைக்கவே இல்லை.

வெளியான பிறகு "வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று கேட்க முடியுமா?

அமெரிக்காவில் ஒப்பந்தம் சரியாக இருந்தால், சட்டப்படி முடியாது என்றே சொல்லலாம். சில நிறுவனங்கள் நல்ல மனதோடு எடுத்துவிடும், அவ்வளவுதான்.

ஜப்பான் வேறு வழியில் போனது. 2022 ஏப்ரலில் அங்கே சட்டப்படி வயதுவரும் வயது 20-லிருந்து 18-ஆகக் குறைந்தது. அதுவரை 18, 19 வயதினர் போட்ட ஒப்பந்தத்தைப் பெற்றோர் சம்மதமில்லை என்று சொல்லி ரத்து செய்ய முடிந்தது. அந்தப் பாதுகாப்பு ஒரே நாளில் போய்விடும் என்ற பயத்தில் ஜூன் மாதமே புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லா வயதினருக்கும் பொருந்தும் சட்டம். ஒப்பந்தம் கொடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் படம் எடுக்கலாம். எடுத்து நாலு மாதம் கழித்துத்தான் வெளியிடலாம். வெளியான பிறகும் ஒரு வருடத்துக்குள் நடித்தவர் காரணமே சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், அதற்காக அவரிடம் நஷ்டஈடு கேட்கக் கூடாது. சட்டம் வந்த புதிதில் இந்தக் கெடு இரண்டு வருடமாக இருந்தது.

படித்ததும் எனக்குப் பிடித்துப்போன சட்டம் இது. மனிதர்களுக்கு மனம் மாறும் என்பதை ஒத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே நடிப்பவர்களில் பலர் எதிர்த்தார்கள். ஐந்து மாதக் காத்திருப்பால் புதியவர்களுக்கு வேலையே வரவில்லை, எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள் என்றார்கள். கலிபோர்னியாவில் கேட்ட அதே குரல். சம்மதத்தைப் பாதுகாக்கும் சட்டத்தை, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் கேட்காமல் எழுதுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

பெரிய இலவசத் தளங்கள் இதில் எங்கே வருகின்றன?

பல வருடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றுதான் இருந்தது. திருட்டு நகலா, பழிவாங்க ஏற்றியதா, சிறுமியா, யாரும் பார்ப்பதில்லை. 2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் போர்ன்ஹப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, சிறுவயதில் தங்களுக்கு நடந்த கொடுமையின் வீடியோ அங்கே ஓடிக்கொண்டிருந்ததைப் பெண்கள் சொன்னார்கள். சில நாட்களில் விசாவும் மாஸ்டர்கார்டும் அந்தத் தளத்தில் பணம் செலுத்தும் வசதியை நிறுத்தின. உடனே தளம், அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய வீடியோ அத்தனையையும் தூக்கியது. பல லட்சக் கணக்கில். அதுவரை "தொழில்நுட்பரீதியாக முடியாது" என்ற காரியம் ஒரே வாரத்தில் முடிந்தது.

2021 அக்டோபரிலிருந்து மாஸ்டர்கார்டு இன்னும் கடுமையான விதி வைத்தது: ஏற்றுபவருக்கும் படத்தில் இருப்பவருக்கும் வயது, அடையாளச் சான்று, எழுத்துப்பூர்வமான சம்மதம், வெளியிடும் முன் பரிசோதனை, புகார் வந்தால் 7 வேலை நாளில் முடிவு. அரசாங்கங்கள் செய்யாததை ஒரு கார்டு கம்பெனி செய்தது. சந்தோஷப்படலாமா என்றால், பாதிதான். கார்டு கம்பெனியை நாம் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒழுங்காகத் தொழில் செய்பவரின் கணக்கையும் காரணம் சொல்லாமல் முடக்க அதனால் முடியும். நடிப்பவர்கள் தாங்களே எடுத்து சந்தாதாரர்களுக்கு விற்கும் தளமான ஒன்லிஃபேன்ஸ் 2021 ஆகஸ்டில், வங்கிகளின் நெருக்கடி என்று சொல்லி, இனி வெளிப்படையான பாலியல் காட்சிகள் கூடாது என்று அறிவித்தது. ஒரே வாரத்தில் பின்வாங்கியது. அந்த ஒரு வாரம் அதில் பிழைக்கும் எத்தனையோ பேர் தூங்கியிருக்க மாட்டார்கள்.

போர்ன்ஹப்பின் தாய் நிறுவனம் சான் டியேகோக் கும்பலிடமிருந்து பணம் பெற்றதற்காக 2023 டிசம்பரில் அமெரிக்க அரசுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்து சுமார் 18 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தானே எடுத்துத் தானே விற்றால் சம்மதப் பிரச்சினையே இல்லையே?

குறையும், மறையாது. கேமராவுக்குப் பின்னால் காதலனோ கணவனோ இருந்து மிரட்டலாம். கணக்கின் பாஸ்வேர்ட் வேறொருவர் கையில் இருக்கலாம். காசு கட்டியவர்களுக்கு மட்டும் என்று போட்டதைத் திருடி இலவசத் தளத்தில் போடுவது அன்றாடம் நடக்கிறது. "எப்படியும் விற்கிறவள்தானே" என்று அதைச் சாதாரணமாகப் பேசுவோர், கடையில் வைத்திருக்கும் சட்டையைத் திருடிவிட்டு "எப்படியும் விற்கிறவன்தானே" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

டீப்ஃபேக் வீடியோவில் நிஜத்தில் எதுவுமே நடக்கவில்லையே, யாருக்கு நஷ்டம்?

எண்பது, தொண்ணூறுகளில் காலைக்காட்சிக்குப் போனவர்களுக்கு "பிட்" என்றால் என்னவென்று தெரியும். ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் வேறு எங்கோ எடுத்த துண்டு ஒட்டப்பட்டிருக்கும். சென்சார் பார்த்த படத்தில் அது இருக்காது. பார்த்துவிட்டு வந்தவர், அந்தப் படத்தின் நடிகைதான் அப்படி நடித்தார் என்று ஊரெல்லாம் சொல்வார். அந்த நடிகைக்குச் செய்தியே தெரியாது. துண்டில் இருந்த பெண் யார் என்று எவருமே கேட்டதில்லை.

டீப்ஃபேக் அந்த ஒட்டுவேலைதான்: ஒருவர் உடலில் இன்னொருவர் முகத்தை ஒட்டுவது, கத்தரிக்கோலுக்குப் பதில் கம்ப்யூட்டர். முகத்துக்குச் சொந்தக்காரரின் வேதனை பற்றி இப்போதாவது பேசுகிறோம். உடலுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவருடைய உழைப்பை எடுத்து இன்னொருத்தியை அவமானப்படுத்தப் பயன்படுத்துகிறார்களே, அதற்கு அவரிடம் யார் கேட்டார்கள்? ஒரு வீடியோவில் இரண்டு பேருடைய சம்மதம் காணாமல் போயிருக்கிறது. அமெரிக்காவில் 2025 மே மாதம் கையெழுத்தான சட்டம், சம்மதமில்லாத அந்தரங்கப் படங்களை, டீப்ஃபேக் உட்பட, வெளியிடுவதைக் குற்றமாக்கியது. புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும்.

பார்ப்பவருக்கு எப்படித் தெரியும், இது சம்மதத்தோடு எடுத்ததா என்று?

முகத்தைப் பார்த்துத் தெரியாது. சிரிக்கும் நடிகை சிரிக்கச் சொல்லப்பட்டிருக்கலாம். தயாரித்தவர் யார் என்று தெரிகிறதா, நடிப்பவர் தன் சொந்தக் கணக்கில் தானே அதை வெளியிட்டிருக்கிறாரா, அவருக்குப் பணம் போகிறதா என்று பார்த்தால் ஓரளவு தேறும். அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை.

தமிழில் தேடுவோருக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். "லீக்", "எம்எம்எஸ்", "மறைகேமரா", "பக்கத்து வீட்டு ஆன்ட்டி" போன்ற சொற்களே நம்மூர்ச் சந்தையில் அதிகம் விற்கின்றன. இந்தச் சொற்களுக்கு ஒரே அர்த்தம்தான்: அதில் இருப்பவருக்குத் தெரியாது, அல்லது தெரியாததுபோல் நடிக்கிறார். முதலாவது குற்றம். இரண்டாவது, குற்றத்தின் ருசியை விற்பது. பொள்ளாச்சி வழக்கில் பெண்களைப் படம் எடுத்து மிரட்டிய ஒன்பது பேருக்கு 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை சிறை விதித்தது. 2019-ல் அந்தச் செய்தி வெடித்தபோது, "அந்த வீடியோ இருந்தா அனுப்புப்பா" என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்களை நமக்கெல்லாம் தெரியும். அவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை.

இந்தியாவில் பார்த்தாலே குற்றமா?

வயதுவந்தவர்கள் நடித்ததைத் தனிமையில் பார்ப்பதைக் குற்றமென்று சட்டம் சொல்லவில்லை. வெளியிடுவதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, 67ஏ பிரிவுகளில் குற்றம். 67ஏ-வில் முதல் தடவைக்கே 5 வருடம் வரை சிறை. குழுவில் ஃபார்வர்டு செய்வதும் அனுப்புவதுதான். இதனால் இங்கே எடுக்கப்படுவதெல்லாம் மறைவாகவே எடுக்கப்படுகிறது. ஏமாற்றப்பட்டவர் புகார் கொடுக்கப் போனால் அவரே குற்றவாளியாகிவிடுவாரோ என்ற பயமும் கூடவே வருகிறது. தடைச் சட்டத்தால் யாருக்கு லாபம் என்று ஏஜென்டுகளைக் கேட்டால் தெரியும்.

குழந்தைகள் விஷயத்தில் பேச்சே இல்லை. பார்த்தாலும், வைத்திருந்தாலும் குற்றம். 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தரவிறக்கி வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் இளைஞர் மீதான வழக்கை ரத்து செய்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அதோடு, இதைக் குழந்தைகளின் "போர்னோகிராஃபி" என்று சொல்வதையே விட்டுவிட்டு, குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல், கொடுமை என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துங்கள் என்று நீதிமன்றங்களுக்குச் சொன்னது. சரியான யோசனை. சம்மதமே சாத்தியமில்லாத இடத்தில் அந்தப் பழைய சொல், ஏதோ இன்னொரு வகைப் படம் என்ற எண்ணத்தைத் தருகிறது.

காதலித்தபோது நானே சம்மதித்து எடுத்த வீடியோ. இப்போது அவன் பரப்புகிறான். நானே ஒப்புக்கொண்டதால் புகார் செல்லாது என்கிறார்களே?

செல்லும். யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது: படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், மூன்றாம் நபருக்குப் பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் அது குற்றம். முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி என்று இருந்தது இதுதான்.

முதலில் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி, அனுப்பிய எண் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிட வேண்டாம். 1930 என்ற எண்ணிலோ மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ புகார் செய்யலாம். அந்தத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். வீடியோ இருக்கும் தளத்துக்கும் தனியாக எழுதுங்கள். இப்படிப்பட்ட படத்தை, அதில் இருப்பவர் புகார் செய்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 விதிகள் கெடு வைத்தன. இன்னும் வெளியாகவில்லை, வெளியிடுவேன் என்று மிரட்டுகிறான் என்றால் ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. உங்கள் கைப்பேசியிலேயே அந்தப் படத்துக்கு ஓர் எண்கோவை உருவாகும், படம் வெளியே போகாது. அந்த எண்கோவையை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதே படம் ஏறினால் தடுத்துவிடும். 18 வயதுக்குக் கீழ் என்றால் இதேபோல் டேக் இட் டவுன் என்ற சேவை தனியாக உண்டு.

2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் தன் அந்தரங்க வீடியோ பரவுவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவு வந்தது. ஆண் காவலர்கள் இருக்கும் இடத்தில் அந்த வீடியோவை வைத்து அவரை அடையாளம் காட்டச் சொன்னதை நீதிபதி கண்டித்தார். ஆகவே ஸ்டேஷனுக்குப் போகும்போது பெண் அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று வாசலிலேயே கேளுங்கள். தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புகார் ரசீதை வாங்காமல் திரும்ப வேண்டாம்.